இரண்டு பக்கமும் விளக்கு எரியாத காட்சி

எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவுவது என் வேலை. மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். மனைவி பல் மருத்துவர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துவிட்டு வருகிறவளிடம் மிச்சச் சாப்பாட்டையும் காட்ட எனக்கு மனம் வருவதில்லை. டப்பாவைத் திறந்தாலே மகளுக்கு அன்றைய பொழுது எப்படிப் போனது என்று சொல்லிவிடுவேன். காலியாக இருந்தால் சிரித்துப் பேசிச் சாப்பிட்டிருக்கிறாள். ஓரத்தில் கொஞ்சம் ஒதுங்கியிருந்தால் பரீட்சை. மூடியே திறக்கப்படவில்லை என்றால் மனத்தாங்கல். பள்ளி ஆலோசகர் என்ற முறையில் நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் டப்பாவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். நான் எவ்வளவு கவனமான தகப்பன் என்பது இதிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

தொழில் என்ன என்று படிவத்தில் கேட்டிருந்தீர்கள். தீயணைப்புப் பாதுகாப்புக் குறும்படங்களுக்கு வசனம் எழுதுபவர் என்று போன வருடம் எழுதிக் கொடுத்தேன். அது உண்மையில்லை. நான் எழுதுவது ‘கடைசிக்கு முந்தின பெஞ்ச்’. வாரம் இரண்டு நாள் மாலையில் வருகிற பள்ளிக்கூடத் தொடர், புனைபெயரில் எழுதுகிறேன். நீங்களும் பார்ப்பதாகப் பள்ளிக் கூட்டத்தில் சொன்னீர்கள். அப்போது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

இந்தத் தொடரைப் பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் அம்மாவின் பிடிவாதம். அதற்காக ஒரு முறை வைத்திருக்கிறார். ஒளிபரப்புக்கு ஒரு வாரம் முன்னால், சனிக்கிழமை காலையில், பன்னிரண்டு பிள்ளைகளையும் அவர்களுடைய அப்பா அல்லது அம்மாவையும் அழைத்து அத்தியாயத்தைப் போட்டுக் காட்டுவார்கள். பிள்ளைகள் இடது பக்கம், பெற்றோர் வலது பக்கம், நடுவில் ஒரு திரைச்சீலை. ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் மாற்றிச் சொல்லிவிடக் கூடாதாம். ஆளுக்கொரு பொத்தான். திரையில் வருவது நம்பும்படி இல்லை என்றால் அழுத்தலாம். அழுத்தினால் பின்னால் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

எழுதுகிறவனுக்கு அதைவிடக் கொடுமையான ஏற்பாடு கிடையாது. பிள்ளைகளுக்குப் பிடித்தபடி எழுதினால் வலது பக்கம் எரியும். பெற்றோருக்குப் பிடித்தபடி எழுதினால் இடது பக்கம் எரியும். முதல் அத்தியாயத்தில், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஜன்னலைப் பார்த்து, “வாழ்க்கையும் ஒரு தேர்வுதான். ஆனால் அதற்கு விடைத்தாள் கிடையாது” என்பாள். நான் மூன்று நாள் உழைத்து எழுதிய வரி. இடது பக்கம் பன்னிரண்டு விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தன. ஒரு பையன் இரண்டு கட்டை விரலாலும் அழுத்திக்கொண்டிருந்தான் என்று உதவியாளர் வந்து சொன்னார்.

“சார், நீங்க கடைசியா ஒரு பதினாறு வயசுப் பிள்ளைகிட்ட எப்பப் பேசினீங்க?” என்று தயாரிப்பாளர் அம்மா கேட்டார்.

எனக்கே ஒரு பதினாறு வயது மகள் இருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் மகள் தன் அறைக்குப் போகும்போது, “அப்பா, கதவ மூடிக்கிறேன். கோவமெல்லாம் இல்ல, சும்மாதான்” என்றாள். அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை. வலது பக்கம் ஓர் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தயாரிப்பாளர் அம்மா என் தோளைத் தட்டிக்கொடுத்தார். இந்தத் தொழிலில் இருபது வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன், யாரும் என் தோளைத் தட்டியதில்லை.

வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அவள் பேசுவதை நிறுத்திவிடுவாள், அல்லது அழகாகப் பேச ஆரம்பித்துவிடுவாள். இரண்டுமே எனக்கு உதவாது. அதனால் பெரிய தொடர் வேலை போய்விட்டது, இப்போது தீயணைப்புப் படங்கள்தான் என்று சொல்லிவைத்தேன். மகள் பாவப்பட்டுத் தினமும் ஒரு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். மனைவி என்னை உற்சாகப்படுத்துவதற்காக ஒரு தீயணைப்பான் வாங்கிவந்து சமையலறையில் மாட்டினாள். அதன் விளக்கக் கையேட்டைப் போட்டுவைக்க எனக்கென்று ஒரு கோப்பும் வாங்கினாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது.

இனி மகளின் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் உங்கள் பள்ளிதான், உங்களுக்குத் தெரிந்த பெண்தான். ஆறு வயதில் நீச்சல் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து என் மகள் அவளுக்குத் ‘தவளை’, அவள் என் மகளுக்கு ‘வாத்து’. இந்த வாத்து பள்ளியில் தன் வகுப்பில் எல்லோரிடமும் ஒன்று சொல்லியிருந்தாள். வேறு ஊர்ப் பள்ளியில் தனக்கு ஒரு பையன் இருக்கிறான், தினமும் பேசுகிறான் என்று. புகைப்படமும் காட்டியிருந்தாள். நல்ல பல்வரிசை, அலையடிக்கிற முடி. அந்தப் பையன், கடையில் போட்டோ ஃபிரேம் வாங்கினால் மாதிரிக்கு உள்ளே ஒரு படம் வைத்திருப்பார்களே, அந்தப் படம். இது உலகத்தில் மகளுக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் சாப்பிடும்போது சிரிப்புத் தாங்காமல் என்னிடம் சொல்லிவிட்டாள்.

“யார்கிட்டயும் சொல்லாதப்பா. அவ செத்துருவா.”

“சேச்சே, நான் யார்கிட்ட சொல்லப்போறேன்” என்றேன். அப்போது சொல்கிற எண்ணமே எனக்கு இல்லை. எழுதுகிற எண்ணம்தான் இருந்தது.

நாற்பத்தொன்றாவது அத்தியாயத்தில் அது வந்தது. சனிக்கிழமை முன்காட்சியில் இரண்டு பக்கமும் ஒரு விளக்கும் எரியவில்லை. அதன் பிறகு எரிந்தது வேறு இடத்தில். அத்தியாயம் வந்த மறுநாள் வகுப்பில் ஒன்பது பேர் அதே ஃபிரேமை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்களாம். ஒன்பது மேஜையிலும் அதே பையன், அதே பல்வரிசை. வருகைப் பதிவு எடுக்க வந்த ஆசிரியர் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து வாழ்த்திவிட்டுப் போனாராம். வாத்து எழுந்து கழிப்பறைக்குப் போனவள் கடைசி மணி அடித்த பிறகுதான் வெளியே வந்தாள்.

ரகசியம் தெரிந்தவள் ஒருத்திதான் என்பதால் பழியும் ஒருத்தி மேல்தான் விழுந்தது. மகள் அம்மா மேல் சத்தியம், அப்பா மேல் சத்தியம் என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். அப்பாவிடம் சொன்னதை அவள் சொன்னதாகவே கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு தடவை மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாள். “அப்பா, நீ ஆபீஸ்ல யார்கிட்டயாவது சும்மா பேச்சுவாக்குல சொன்னியா?”

“அங்க எல்லாரும் தீயைப் பத்திதான்டா பேசுவாங்க” என்றேன்.

சரி என்று போய்விட்டாள். அன்றிலிருந்து டப்பாவின் மூடி திறக்கப்படவில்லை. மாடிப்படிக்குக் கீழே தனியாக உட்காருகிறாள் என்று அவளே பிறகு சொன்னாள். அன்று டப்பாவை இரண்டு தடவை கழுவினேன். மாடிப்படி என்பதைக் குறித்துவைத்துக்கொண்டேன். அதுவரை நான் நூலகம் என்று யோசித்திருந்தேன். மாடிப்படி எவ்வளவோ மேல்.

நாற்பத்திரண்டிலிருந்து தொடரில் இரண்டு தோழிகள் பிரிந்தார்கள். பார்ப்பவர்கள் இரண்டு மடங்கானார்கள். ஐம்பத்திரண்டாவது அத்தியாயத்தில் சேர்த்துவைப்பது என்று தயாரிப்பாளர் அம்மாவும் நானும் அட்டவணை போட்டோம். எங்கள் தொழிலில் அட்டவணை என்பது கல்லில் வெட்டியது மாதிரி. படப்பிடிப்புக்குப் பள்ளிக் கட்டடம் கிடைக்கிற தேதியை வைத்துத்தான் யார் யாரோடு எப்போது பேசலாம் என்பதே முடிவாகும்.

இப்படி இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை, மகள் நீச்சலுக்குப் போயிருந்த நேரத்தில், வாத்து எங்கள் வீட்டு மணியை அடித்தாள். கையில் ஒட்டிய உறை.

“அங்கிள், இத தவளைகிட்ட குடுத்துருங்க. மறந்துறாதீங்க அங்கிள்.”

“மறப்பேனாம்மா” என்றேன். மறக்கவும் இல்லை. ஒரு வரிகூட மறக்கவில்லை.

நீராவியில் காட்டி உறையைப் பிரித்தேன். நோட்டுப் புத்தகத் தாளில் பென்சிலால் எழுதியிருந்தாள். ‘நீ சொல்லிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே கோவமா இருக்கேன், ஏன்னு தெரில. லஞ்ச்ல உன் இடத்துல என் பைய வெச்சிருக்கேன். யாரையும் உக்கார விடல. பை நல்லாவே பேச மாட்டேங்குது. நீ வா.’

நான் சமையலறையில் நின்றுகொண்டே அழுதேன். இருபது வருடத்தில் என்னால் இப்படி ஒரு பத்தி எழுத முடியவில்லை. அப்போது வந்துகொண்டிருந்தது நாற்பத்தைந்தாவது அத்தியாயம். சமாதானத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கடிதத்தை இப்போதே கொடுத்தால் மறுநாளே இருவரும் பேசிவிடுவார்கள். அதன் பிறகு பிரிந்திருக்கிற பிள்ளைகள் எப்படி நடப்பார்கள், எப்படி நிற்பார்கள் என்று நான் யாரைப் பார்த்து எழுதுவது? மூன்று வாரம் பொறுப்பது அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை என்று தோன்றியது. கடிதத்தைத் தீயணைப்பான் கோப்பில் பத்திரமாக வைத்தேன். கசங்கக்கூட இல்லை.

இரண்டு நாள் கழித்து மகளே ஒரு கடிதம் எழுதினாள். “அப்பா, நீ போற வழிதானே, வாத்து வீட்ல போட்டுரு” என்றாள். அதையும் அதே கோப்பில் வைத்தேன். இரண்டும் கோப்பின் அடுத்தடுத்த பிளாஸ்டிக் உறையில் இருந்தன. ஒரு விதத்தில் அவர்கள் சேர்ந்துதான் இருந்தார்கள்.

“பதில் ஏதாவது வந்துச்சாப்பா?” என்று தினமும் கேட்டாள். இல்லைம்மா என்று தினமும் சொன்னேன். முதல் நாள் அவள் முகம் சுருங்கியது. நான்காம் நாள் சுருங்கவில்லை, “ம்” என்று மட்டும் சொன்னாள். சோகம் முகத்திலிருந்து குரலுக்கு இறங்க நான்கு நாள் ஆகிறது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம். நடிக்கிற பெண்ணிடம் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். கேட்பதை நிறுத்தியது எட்டாம் நாள்.

வாத்துவின் அம்மா மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவரும் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். “என் பொண்ணு லெட்டர் குடுத்தும் உங்க பொண்ணு ஒரு வார்த்த பேசலையாமே. நான் வேணா வந்து பேசிப் பாக்கட்டுமா?”

“பிள்ளைங்க விஷயத்துல பெரியவங்க தலையிட்டா இன்னும் சிக்கலாயிடுங்க. கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்போம்” என்றேன்.

எவ்வளவு நிதானமான மனிதர் என்று என்னைப் பாராட்டிவிட்டு வைத்தார். ஐம்பத்திரண்டாவது அத்தியாயம் ஒளிபரப்பாகும் அன்று இரண்டு கடிதங்களையும் கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். தேதியோடு டைரியில் எழுதியிருக்கிறேன். என் நோக்கம் என்ன என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் டைரியைக் கொண்டுவந்து காட்டுகிறேன்.

ஆனால் அந்த அத்தியாயத்தின் முன்காட்சிக்கு வந்த பன்னிரண்டு ஜோடிகளில் வாத்துவும் அவள் அம்மாவும் இருந்தார்கள். ஃபிரேம் கதையை இந்தத் தொடருக்கு யார் சொன்னது என்று நேரில் கேட்பதற்காகவே விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது உதவியாளர். எனக்கு முன்கூட்டியே பட்டியலைக் காட்டும் வழக்கம் இல்லை.

கடிதக் காட்சி வந்தது. திரையில் அந்தப் பெண் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து கடிதத்தைப் படிக்கிறாள். ‘லஞ்ச்ல உன் இடத்துல என் பைய வெச்சிருக்கேன்.’ வலது பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். இடது பக்கம் ஏழாம் நம்பர் இருக்கையில் வாத்து. கண்ணாடி வழியாக அவளுடைய பின்னந்தலை மட்டும் எனக்குத் தெரிந்தது. அது அசையவே இல்லை. விளக்கு எரியவில்லை. கடைசியில் நான் என் பங்குக்கு இரண்டு வரி சேர்த்திருந்தேன். ‘நட்பு என்பது காலியாக இருக்கும் இருக்கை அல்ல. அதற்காகக் காத்திருக்கும் கண்கள்.’ அந்த இடத்தில் ஏழாம் நம்பர் எரிந்தது. பிறகு மீதிப் பதினொன்றும் எரிந்தன.

வாத்து எழுந்தாள். திரைச்சீலையை விலக்கி அம்மாவைக் கையோடு இழுத்துக்கொண்டு நேராகக் கண்ணாடி அறைக் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

“அங்கிள்” என்றாள். “இதுதான் ஃபயர் சேஃப்டி படமா?”

நான் பதில் சொல்வதற்குள் அவள் அம்மாவிடம் திரும்பி, “அம்மா, அது என் லெட்டர். ஆனா கடைசி ரெண்டு வரி நான் எழுதல. சத்தியமா எழுதல” என்றாள்.

அவளுக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. எனக்கும்தான் வலித்தது. தயாரிப்பாளர் அம்மா நடந்ததைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் பலகையையே பார்த்தார். பிறகு, “சார், அந்த ரெண்டு வரிய மட்டும் எடுத்துருங்க” என்றார்.

ஒரு மணி நேரத்தில் வாத்துவும் அவள் அம்மாவும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். கோப்பை நானே எடுத்துக் கொடுத்தேன். யாரும் பறிக்கவில்லை. இருவரும் கடிதங்களை மாற்றிக்கொண்டு நின்றபடியே படித்தார்கள். மகள் படித்து முடித்துவிட்டு, “பை இப்பவாவது பேசுதா?” என்று கேட்டாள். வாத்து இல்லை என்று தலையாட்டினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள், அழுதபடியே சிரித்தார்கள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். சும்மாதான் என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. மருந்துக்கடை அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நிதானமான மனுஷன்” என்று மட்டும் சொன்னார். அவர்தான் திங்கட்கிழமை காலையிலேயே உங்களிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

என் மனைவி திட்டவில்லை. “நீங்க கெட்டவரா இருந்தாக்கூடப் பரவால்ல, புரிஞ்சிருக்கும்” என்றாள். நான் அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இது நடந்து பத்தொன்பது நாள் ஆகிறது. மகள் என்னிடம் பேசுவதில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. சாப்பாட்டு மேஜையில் நான் வந்து உட்கார்ந்ததும் தீயணைப்பானின் கையேட்டை எடுத்துச் சத்தமாகப் படிக்கிறாள். ‘தீ ஏற்பட்டால் முதலில் பதற்றப்படாதீர்கள். கருவியைச் செங்குத்தாகப் பிடிக்கவும். நெருப்பின் அடிப்பகுதியை நோக்கவும்.’ ஏற்ற இறக்கமே இல்லாத குரல். நான் எழுந்து போனதும் நிறுத்திவிட்டு அம்மாவிடம் ஏதோ பேசுகிறாள். இப்போது பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறாள். சேமித்து வைக்கும் முறை, வெப்பநிலை. அடுத்ததாக இதே கையேடு வேறு மொழியில் இருக்கிறது. அதையும் படிப்பாள் என்றுதான் தோன்றுகிறது. அவள் பிடிவாதம் என் பக்கத்திலிருந்து வந்தது.

எனக்கு அவள் குரல் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. “அப்பா, இன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா” என்று அவள் ஆரம்பிக்கிற அந்த ஒரு வரிக்காக நான் எதையும் கொடுப்பேன்.

ஆகவே, நீங்கள் கேட்டபடி என் ஒப்புதல். மகளின் தோழியின் ரகசியத்தை வெளியே விட்டவன் நான். இரண்டு கடிதங்களை மறைத்தவன் நான். ஒரு மாதத்துக்கு மேல் இரண்டு பிள்ளைகளைத் தனித்தனியாகச் சாப்பிட வைத்துவிட்டு, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவனும் நான்தான். யாரும் என்னைத் தூண்டவில்லை. மகளின் வாழ்க்கையிலிருந்து இனி ஒரு வரிகூட எடுப்பதில்லை என்று மனைவியிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், அதைக் காப்பாற்றுவேன். இப்போது தொடரில் தகப்பனோடு பேச மறுத்து மேஜையில் ஒரு கையேட்டைப் படித்துக்கொண்டிருக்கிற பெண் என் மகள் அல்ல. அவளுக்குக் குட்டை முடி. அது குளிர்சாதனப் பெட்டியின் கையேடு. போன சனிக்கிழமை இரண்டு பக்கமும் ஒரு விளக்கும் எரியவில்லை.

வியாழக்கிழமைதோறும் மகள் உங்களிடம் வந்து பேசுகிறாள் என்று அறிகிறேன். அங்கே பேசுவது வெளியே போகாது என்பதும் எனக்குத் தெரியும், அதை மனதார மதிக்கிறேன். என்னைப் பற்றி என்ன புகார் சொன்னாள் என்று கேட்க மாட்டேன். என்றைக்காவது என்னை மன்னிப்பதாக அவள் சொன்னால், எந்த வார்த்தைகளில் சொன்னாள் என்பதை மட்டும் நீங்கள் திருத்தாமல் அப்படியே எழுதித் தர வேண்டும். ஒரு தகப்பனாகத்தான் கேட்கிறேன். திங்கட்கிழமை படப்பிடிப்புக்கு முன்னால் கிடைத்தால் உதவியாக இருக்கும்.